அடையாள அட்டையில் மூக்கு தெரியாது

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியால் எங்கள் வன்னிக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது, ஓமந்தை தாண்டிய கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்தப் பக்கத்துச் சிலைகள் ஏன் எல்லாம் பொம்மை மாதிரி இருக்கின்றன?" கை குட்டையாம், கண் பிதுங்கி நிற்கிறதாம், வர்ணம் கண்ணைக் குத்துகிறதாம். கேட்கிறவர் மாமல்லபுரம் பார்த்தவராக இருப்பார். சிலர் ரோமாபுரிக்கும் போய் வந்திருப்பார்கள். எனக்கு உடனே கோபம் வரும். அவர்கள் சொல்வதில் பாதி சரி என்பதால் இன்னும் கூடுதலாக வரும்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னியில் நல்ல சிலைகளைவிட மோசமான சிலைகள்தான் அதிகம். கோயில் மதில்களின் மேல் படுத்திருக்கும் நந்திகளில் பலவற்றுக்கு நாய் முகம். சந்திகளில் நிற்கும் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே உடம்பு, தலை மட்டும் மாறும். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவள். இவற்றைக் கண்டும் காணாமல் போக எனக்கு வராது.

பிழையான பாதி என்னவென்றால், அந்தக் கேள்வி கேட்கிறவர்கள் சிலையைச் செய்த ஆளை ஒருநாளும் நினைப்பதில்லை. எந்தப் பொருளில், எந்தக் காலத்தில், யார் கேட்டு, எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தான் என்று யோசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிற்பி இருக்கிறார். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆசாரியார்தான். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு குளத்தின் வாய்க்கால் ஓரமாக வளவு. தகரக் கொட்டிலின் கீழ் எந்த நேரமும் பாதி முடிந்த தெய்வமொன்றும் பாதி முடிந்த மனிதன் ஒருவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள்.

வன்னியில் சிலை என்றால் சீமெந்து. கருங்கல் இல்லாத ஊரல்ல இது. வவுனியாப் பக்கம் போனால் பாறை தாராளமாகக் கிடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வரி வரியாக ஓடிய நைஸ் பாறை. ஒரு வரியில் உளி பட்டால் அடுத்த வரி பெயர்ந்து வந்துவிடும். அத்திவாரத்துக்கும் சல்லிக்கும் ஆகும், அம்மனின் விரலுக்கு ஆகாது. மன்னார்ப் பக்கமும் குடாநாட்டுப் பக்கமும் சுண்ணக்கல், அது மழைக்குக் கரையும். ஆகவே மூலஸ்தானத்துக்குக் கருங்கல் விக்கிரகம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். திருக்கேதீச்சரத்தில் இந்திய அரசின் உதவியோடு கருங்கல் திருப்பணி நடந்து 2022 ஜூலையில் கும்பாபிஷேகமானது. பாடல் பெற்ற தலத்துக்கு அது முடியும். குளக்கட்டு ஐயனாருக்கு யார் கப்பலில் கல் அனுப்புவார்கள்?

அந்தச் சீமெந்தும் எல்லாக் காலத்திலும் கிடைத்ததில்லை. 1990 இல் போர் மறுபடி தொடங்கியபின் வன்னிக்குப் போகக்கூடாத பொருள்களின் பட்டியலில் எரிபொருள், பற்றரி, இரும்புக் கம்பி ஆகியவற்றோடு சீமெந்தும் இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏ-9 பாதை திறந்த பிறகுதான் லொறி லொறியாக வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடப்பட்டது. நடுவில் கிடைத்த அந்த நாலரை ஆண்டில் வன்னியில் எழும்பிய கோபுரமும் தூபியும் வளைவும் கொஞ்சமல்ல. ஆசாரியார் தன் வாழ்க்கையில் இரவும் பகலும் வேலை செய்த காலம் அதுதான் என்கிறார். அப்போது செய்தவற்றில் இன்று அப்படியே நிற்பது எது என்று கேட்டேன். "பிள்ளையார் ஒன்று நிற்கிறார்" என்றார்.

அவருடைய தகப்பனார் சிற்பியல்ல. வண்டில் சில்லும் கலப்பையும் செய்த தச்சர், குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர். திருவிழா நெருங்கினால் கோயில் வாகனங்களுக்குக் கால் போடுவார், காது ஒட்டுவார். குதிரை வாகனத்தின் உடைந்த காதை வேப்பங்கட்டையில் செதுக்கியதுதான் மகன் செய்த முதல் வேலை. 1983 க்கு முன்பு, கோபுர வேலைக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்குச் சாந்து குழைக்கப் போனவர், குழைத்துக் குழைத்தே படித்துக்கொண்டார். சாஸ்திரத்தை அவர்கள் புத்தகம் வைத்துப் படிப்பிக்கவில்லை. ஓலை நறுக்கு ஒன்றை மடித்து மடித்து அளவைக் காட்டினார்களாம்.

அந்த அளவுதான் தாலமானம். தலைமயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை உள்ள முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், பத்துத் தாலத்தில் பெரியது, அதாவது சிலையின் உயரத்தை 124 பங்காக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கவேண்டும். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான், அதனால்தான் அவர் குட்டையும் தொந்தியுமாக அழகாக இருக்கிறார். மூக்கு எத்தனை பங்கு, காது எங்கே தொடங்கும், கொப்பூழுக்கும் மார்புக்கும் இடையில் எவ்வளவு என்பதெல்லாம் இதற்குள் அடங்கும். தெய்வத்தைச் செய்வது சுகம் என்று ஆசாரியார் சொல்வது இதனால்தான். யாரும் வந்து "சிவன் இப்படி இருக்கவில்லை" என்று சொல்லப்போவதில்லை. அளவு சரியென்றால் முகம் சரி.

வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால் விளங்கும். முதலில் செங்கல்லும் கம்பியும் சேர்ந்து ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் வலை சுற்றி, மூன்றுக்கு ஒன்று கலந்த முரட்டுச் சாந்தை எறிவார். தடவமாட்டார், எறிவார், அப்போதுதான் பிடிக்குமாம். அது இறுகியபின் அரித்தெடுத்த பொடி மணலில் கலந்த மேல்சாந்து. சீமெந்து இறுகத் தொடங்கினால் நமக்காகக் காத்திருக்காது. மேல்சாந்து வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் உதடும் இமையும் முடிந்தாகவேண்டும். கரண்டி என்று பெயர்தானே தவிர, அவர் முகத்துக்குப் பாவிப்பது வாள் அலகை உடைத்துத் தீட்டிய ஒரு துண்டு, பனை மட்டையில் சீவிய ஒரு குச்சி, பிறகு ஈரத் துணி சுற்றிய பெருவிரல். கன்னம் தயிர் உறைவது போல உறைந்து வரும்போது, அந்தப் பெருவிரல் ஒரே ஒரு தடவை கீழிருந்து மேலே போகும். இரண்டாம் தடவை போனால் மினுக்கம் போய்விடும். அதற்குப்பின் ஈரச் சாக்குப் போர்த்தி ஒரு கிழமை தண்ணீர் தெளிக்கவேண்டும். அந்த ஒரு கிழமைக்குப் பொறுமையில்லாத திருப்பணிச் சபைகளின் கோபுரங்களில்தான் வெடிப்பு முதலில் வரும்.

கடலோரத்தில் இன்னொரு சத்துரு உண்டு. ஆற்று மணலுக்குப் பதில் கடல் மணலை அள்ளிக் கலந்தால் உப்புக் கம்பியைத் தின்னும். துரு இரும்பைவிடக் கூட இடம் பிடிப்பதால், அது வீங்கி மேலே உள்ள சாந்தை வெடிக்க வைக்கும். விரலில் சாந்தின் தடிப்புக் குறைவு, ஆகவே முதலில் விழுவது விரல். அலம்பில், சிலாவத்தைப் பக்கத்துக் கோயில்களுக்குப் போனால் அபயக் கரத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

இந்தத் துருவால் அவருக்கு ஒரு பகையும் வந்தது. ஒரு தேவாலயத்தில் செபஸ்தியார் சுருவத்தின் விலாவில், அம்பு பாய்ந்த இடத்திலிருந்து சிவப்பாக வழியத் தொடங்கியது. சனம் கூடிவிட்டது. மெழுகுதிரி, செபமாலை, அழுகை எல்லாம் வந்துவிட்டன. பங்குத்தந்தை ஆசாரியாரைக் கூப்பிட்டு விட்டார். அவர் ஏணி வைத்து ஏறி, முகர்ந்து பார்த்து, "அம்புக்கு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள் ஃபாதர், பித்தளை வைத்திருக்கவேண்டும்" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். அன்று அவருக்கு யாரும் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பித்தளை அம்பு வைத்ததும் அவர்தான்.

சைவக்காரனுக்குச் சுருவ வேலை எப்படி என்று கேட்காதீர்கள். வன்னியில் அந்தக் கணக்கு எப்போதும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்திருக்கிறது. மடுத் தேவாலயத்து மாதாவிடம் நேர்த்தி வைக்காத சைவ வீடு எங்கள் ஊரில் குறைவு. அந்தச் சுருவத்தின் கதையும் இடம்பெயர்ந்தவளின் கதைதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து அடியார்கள் அதைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். 2008 ஏப்ரலில் போர் மடுவைத் தொட்டபோது அதே சுருவம் மறுபடி தூக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில்தான் திரும்பியது. மாதாவே ஷெல்லுக்குப் பயந்து போனாள் என்று அப்போது கிழவிகள் சொன்னார்கள், அதைச் சொன்னபோது அவர்களுக்கு அவள்மேல் பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

2009 இல் போர் முடிந்த பிறகு சனங்கள் செட்டிகுளம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது, ஆசாரியாருக்குக் கிடைத்த முதல் வேலைகள் எல்லாம் ஒட்டு வேலைகள். தலையில்லாத துவாரபாலகர், சன்னம் துளைத்த மயில், மூக்குப் போன சூசையப்பர். ஒரு கரையோரக் கிராமத்தில் அந்தோனியார் முழுதாக நின்றார், கையிலிருந்த பாலனைத்தான் காணவில்லை. புதிதாகச் செய்யச் சொன்னார்கள். எந்தப் படமும் கொடுக்கவில்லை. குழந்தைக்கு அவருக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான், அந்த ஐந்து தாலம். பாலன் இயேசு தொந்தியும் கன்னக் குழியுமாக, கையில் வெண்ணெய் மட்டும் இல்லாத கண்ணனாக வந்துவிட்டார். திறப்பு நாளில் ஃபாதர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாப்பாடு கிடைத்த பிள்ளையாகத் தெரிகிறது, இருக்கட்டும்" என்றாராம். முகாமில் ஒரு வருடம் வரிசையில் நின்ற சனம் அது. அந்தப் பாலன் இன்றும் அங்கேதான் இருக்கிறார். என் கண்ணுக்கு வன்னியில் உள்ள நல்ல சிற்பங்களில் அது ஒன்று. வெளிநாட்டு விருந்தினர் அதைப் பார்த்தால் அளவு பிழை என்பார்கள்.

இனி மற்ற வேலைக்கு வருகிறேன்.

இறந்தவரின் முகத்தைச் செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் முன்பும் வந்தார்கள். வாத்தியார் ஒருவர், நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் ஒருவர், சங்கக் கடைத் தலைவர் ஒருவர் என்று ஊரில் காசு சேர்த்து வைத்த மார்பளவுச் சிலைகள் அவை. போருக்குப் பிறகு வருகிறவர்கள் வேறு. தாய் வருவாள், கூட ஒரு மகளோ மருமகளோ வருவார்கள். வீட்டு வளவுக்குள், மாமரத்தின் கீழ், ஒரு சின்னக் கூடு கட்டி உள்ளே வைப்பதற்கு முகம் வேண்டும். பொது இடத்தில் வைக்கப் பயம். வீட்டுக்குள் வைத்தால் யார் கேட்பார்கள்?

கையில் கொண்டுவருவது பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை, அல்லது அதன் போட்டோப் பிரதி. வேறு படம் இல்லை. கலியாண அல்பம், பள்ளிக்கூடக் குழுப்படம், பூப்புனித நீராட்டு விழாப் படம் எல்லாம், போரின் கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கிய மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கேயோ மணலுக்குள் கிடக்கின்றன. அட்டை மட்டும் தப்பியது ஏனென்றால், அதை உடம்போடு கட்டிக்கொண்டு ஓடினார்கள். அது இல்லாமல் எந்தத் தடை முகாமையும் தாண்ட முடியாது.

அடையாள அட்டைப் படத்தில் மூன்று சிக்கல் என்கிறார் ஆசாரியார். அது நேராக எடுத்த படம், மூக்கு எவ்வளவு உயரம் என்று தெரியாது. இரண்டாவது, படப்பிடிப்பாளர் முறைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார், ஆகவே யாருடைய முகமும் அவருடைய முகமாக இருக்காது. மூன்றாவதுதான் பெரிது. அப்போதெல்லாம் அட்டை எடுப்பது பதினாறு வயதில். இறந்தவனுக்கு இருபத்தெட்டு. பன்னிரண்டு வருடத்தை எங்கிருந்து எடுப்பது?

ஒருநாள் நான் இருக்கும்போதே ஓர் அம்மா வந்தார். மகன் போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்த்த ஆட்பிடியில் போனவனா, விரும்பிப் போனவனா, ஷெல்லில் போனவனா என்று ஆசாரியார் யாரிடமும் கேட்பதில்லை. அன்றும் கேட்கவில்லை. "கூடப் பிறந்தது யாரும் இருக்கிறதா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். தம்பி ஒருவன் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தான், உள்ளே வர விருப்பமில்லாமல். அவனைக் கூப்பிட்டு வாங்கில் பக்கவாட்டாக இருத்தினார். ஈயக் கம்பி ஒன்றை எடுத்து அவன் நெற்றியிலிருந்து நாடி வரை மெல்ல அழுத்தி வளைத்தார். மூக்கு, மேலுதடு, கீழுதடு, நாடி என்று கம்பியில் ஒரு கோடு வந்தது. அதை மட்டையில் வைத்துப் பென்சிலால் கீறி, தாயிடம் காட்டினார். தாய் பார்த்துவிட்டு, "இவனுக்கு மூக்கு என்னுடையது. அவனுக்குத் தகப்பனுடையது, இந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும்" என்று தன் மூக்கின் நடுவில் விரலை வைத்தார். ஆசாரியார் கோட்டை அழித்து முடிச்சை வைத்தார். கூடிவிட்டது. குறைத்தார். இப்படியே நெடுநேரம் போனது. தம்பி அசையவில்லை. தன் முகத்தில் அண்ணனின் பங்கு எவ்வளவு என்று அளக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போது விளங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

வயதைப் பற்றி ஆசாரியார் கேட்டபோதுதான் தாய் தடுமாறினார். கடைசியாகப் பார்த்த வயதிலா, அட்டையில் இருக்கும் வயதிலா? அவர் சொன்ன பதில்: "மீசை வைக்கவேண்டாம்."

கண்தான் கடைசி வேலை. கோயிலில் கண் திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் திரை மறைவில், பொன் ஊசியால் கண்ணைக் கீறித் திறந்து, அந்தத் தெய்வத்தின் முதற் பார்வையில் கன்றோடு பசுவும் கண்ணாடியும் தானியமும் படும்படி வைப்பார்கள். மனித முகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் அவர் மனிதச் சிலைகளுக்குக் கருமணி வைக்காமல் மொழுமொழு என்று விட்டுவிடுவாராம், சாஸ்திரத்துக்குப் பயந்து. வீட்டுக்காரர் வந்து பார்த்து, குருடு மாதிரி இருக்கிறது என்று மனம் நொந்து போனார்கள். இப்போது கருமணியைச் சின்னக் குழியாகத் தோண்டுகிறார். குழிக்குள் நிழல் விழும்போது பார்வை வந்துவிடும். அந்த வேலையை வீட்டாரை அனுப்பிவிட்டுத்தான் செய்வார். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை குழி விழுந்த நொடியில் பக்கத்தில் நின்ற தாய் குழறிவிட்டார், குச்சி வழுக்கி இமை போய்விட்டது.

நடுகல் மரபைப் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம். கல்லைத் தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் வரிசை சொல்கிறது. சேரன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்கு நட்டான். அந்தக் கண்ணகிக்குத்தான் வற்றாப்பளையில் வைகாசி விசாகத்தில் பொங்கல், கடல்நீரில் விளக்கு. கணவனைப் பறிகொடுத்த ஒருத்திக்கு நட்ட நினைவுக்கல்தான் பிறகு தெய்வமானது என்றால், நினைவுச் சிற்பத்தையும் சமயச் சிற்பத்தையும் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் செல்லாது. வன்னியின் பழைய தெய்வங்களுக்கு முகமும் கிடையாது. ஐயனாருக்கு ஒரு கல், காளிக்கு ஒரு சூலம், நாகதம்பிரானுக்கு ஒரு புற்று. கோபுரமும் சுதைப் பொம்மைகளும் காசு வந்தபின் வந்தவை.

ஒரு கல் யாருக்காக நிற்கிறது என்பதும் நட்டவன் கையில் இல்லை. கற்சிலைமடுவில் ஒரு கல் இருந்தது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை, அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கப்டன் ட்ரிபேர்க் இந்த இடத்தில் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்காக வெட்டிவைத்த கல் அது. எங்கள் சனம் அதைத் தோற்றவனின் கல்லாக்கி மாலை போட்டது. போருக்குப் பிறகு அது உடைக்கப்பட்டது.

இப்போது நிற்கும், அரச தரப்பின் வெற்றிச் சின்னங்களையும் நான் சித்திர ஆசிரியையின் கண்ணால்தான் பார்க்கிறேன். கிளிநொச்சியில் ஒரு பெரிய கொங்கிறீட் பெட்டி, ஷெல் பாய்ந்து வெடித்த மாதிரி, உச்சியில் தாமரை. புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துவக்கோடும் கொடியோடும் ஒரு படைவீரன். கொங்கிறீட் வேலை சுத்தம், வெடிப்பே இல்லை. ஆசாரியாரைக் கேட்டால், "நல்ல மணல் பாவித்திருக்கிறார்கள்" என்பார், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

இறந்த போராளிகளைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்தில் வரிசையாக நின்ற கல்லறைகளும், உடல் கிடைக்காதவர்களுக்கு வைத்த நினைவுக்கற்களும் போர் முடிவில் தரைமட்டமாக்கப்பட்டன. பின்னர் சனங்கள் பற்றை வெட்டி, கிடைத்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு குவியலாக்கினார்கள். பெயரின் பாதி, திகதியின் பாதி, ஊரின் முதலெழுத்து என்று எல்லாம் அதற்குள் கலந்து கிடந்தன. அதைத் திருத்திக் கட்டலாமே என்று பலர் திட்டம் சொன்னார்கள். எனக்கும் ஒரு வடிவம் மனதில் இருந்தது, வரைந்தும் காட்டினேன். ஆசாரியார் தாளைத் திருப்பித் தந்து, "இது சிற்பி கைவைக்கக்கூடாத வேலை ரீச்சர்" என்றார். எனக்கு முழுச் சம்மதமில்லை. மழை பெய்யும், பற்றை வளரும், துண்டுகள் புதையும். யாராவது கைவைக்கத்தான் வேண்டும். இதில் நாங்கள் இன்னும் பிணக்கு.

இன்னொரு விடயத்தில் அவர் என்னை மாற்றிவிட்டார். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் என்று கட்டி, 2013 நவம்பரில் திறந்தார்கள். திறந்து சில நாளில் அதன் சுற்றுமதிலை அதிகாரிகள் இடித்தது வேறு கதை. அங்கே கருங்கல்லில் எங்கள் கடைசி நாட்களைக் காட்சி காட்சியாகச் செதுக்கியிருக்கிறார்கள். படங்களைப் பார்த்து நான் மெய்மறந்து, இப்படி ஒன்று இங்கே வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உளி வேலையைப் பாராட்டினார், துணி மடிப்பைக் காட்டி வியந்தார். பிறகு, "இது பார்க்காதவர்களுக்குச் செய்தது. பார்த்த சனத்துக்கு இதை ஏன் திருப்பிக் காட்டவேண்டும்? செத்த பிள்ளையைச் செத்தபடி நான் செய்யமாட்டேன்" என்றார். கோபுரத்தில் நரசிம்மர் மடியில் இரணியனைக் குடலோடு செய்கிறீர்களே என்று மடக்கினேன். "இரணியனின் தாய் கோயிலுக்கு வருவதில்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் வன்னியின் நினைவிடங்கள் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கின்றன என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. ஒரு கல், ஒரு சுடர் ஏற்றும் இடம், கார்த்திகைப் பூச் சாடி, மிஞ்சினால் ஒரு பெயர். கலை போதாமை என்று நானும் நினைத்திருந்த இந்த வெறுமை, வருகிறவர்கள் எல்லோரும் படத்தை மனதில் கொண்டு வருவதால் வந்தது. அவர்களுக்கு இல்லாதது முகம் ஒன்றுதான், அதனால்தான் மற்ற எதையும் கேட்காமல் முகத்தை மட்டும் கேட்டு இவரிடம் வருகிறார்கள்.

வெறும் கல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளாத காலம் இருந்தது. 2021 மே மாதத்தில், போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தலுக்குச் சில நாட்களுக்கு முன், முள்ளிவாய்க்காலில் நடுவதற்குக் கொண்டுவந்த பெரிய கல் ஒன்று இரவோடிரவாகக் காணாமல் போனது. இருந்த நினைவுச்சின்னமும் சேதமாக்கப்பட்டது. அதே வருடம் ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத் தூபி இடிக்கப்பட்டு, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. அந்த நாட்களில் ஆசாரியாரின் வளவுக்கும் ஆட்கள் வந்தார்கள். இது யாருடைய முகம், இது யாருடைய முகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். "இது பரியாரியார், இது முருகன், இது இன்னும் யாரென்று எனக்கே தெரியாது" என்றாராம். மூன்றும் உண்மைதான்.

தொழில் இப்போது மெலிந்துவிட்டது. பெரிய கோபுரம் என்றால் திருப்பணிச் சபைக்குத் தமிழ்நாட்டு ஸ்தபதிதான் வேண்டும், விளம்பரத்துக்கு அது நல்லது. ஊர்ச் சிற்பிக்கு மதில் நந்தி மிஞ்சும். ஒரு சபை இவருக்கு மூன்று வருடமாகப் பாக்கி வைத்துக்கொண்டு, கும்பாபிஷேக மலரில் இவர் பெயரை மின்விளக்குக்காரரின் பெயருக்கும் கீழே போட்டது. கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்களான சேமக்காலைகளிலும் வேலை குறைந்துவிட்டது. பளபளக்கும் கறுப்புக் கல்லில் படத்தை இயந்திரத்தால் பொறித்து இரண்டு நாளில் கொடுக்கிறார்கள், பார்வைக்கும் வடிவாகத்தான் இருக்கிறது. சுருவங்கள் பைபர் கிளாஸில் வருகின்றன, இலேசு, துருப்பிடிக்காது. ஆசாரியார் இதற்கெல்லாம் ஆத்திரப்படுவதில்லை. மகன் வெளிநாட்டில் கூரை வேலை செய்கிறான். சாந்து குழைக்க வருகிற பையன் நல்ல கைக்காரன், ஆனால் முற்பகலில் மட்டும்தான் வருவான், பின்னேரம் அவனுக்கு முச்சக்கர வண்டி ஓட்டம்.

முகம் கேட்டு வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். இப்போது வருவது பெரும்பாலும் வயதாகி, நோயில், கட்டிலில் இறந்தவர்களுக்காக. அது ஊருக்கு நல்ல செய்திதான். அட்டையின் பிரதியோடு யாரும் வருவதில்லை, கைபேசியில் ஆயிரம் படம் கொண்டுவருகிறார்கள். ஆசாரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். பிறந்தநாள், கோயில், பேரப்பிள்ளையோடு, கேக்கோடு, பூனைக் காது ஒட்டிய படம்கூட உண்டு. எல்லாம் நேராகப் பார்த்துச் சிரித்த முகங்கள். பக்கத்திலிருந்து எடுத்தது ஒன்றும் இருக்காது. ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு, "கூடப் பிறந்தது யாரும் இருக்கிறதா?" என்று தொடங்குவார்.

அடுத்ததாக எங்கள் பாடசாலைக்கு ஒரு சரஸ்வதி செய்கிறார். அதற்குப் படம் தேவையில்லை, மத்திம தசதாலம், 120 பங்கு, வீணை பிடிக்கும் விரல்களுக்குப் பித்தளைக் கம்பி. முற்பணம் மட்டும் தேவை என்று அதிபரிடம் சொல்லச் சொன்னார். சொல்லியிருக்கிறேன்.